வடிதாளில் சிக்கிய துகள்: முதலில் எந்தக் கருவி?

"அண்ணே, வடிதாளை அப்படியே ஐசிபி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொடுத்துட்டாப் போதாதா?" காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார். பேச்சு பிகோ என்ற இயற்பியல் சோதனையின் திரவத்தை வடிகட்டிப் பிடித்த துகள்கள் பற்றி. அவர் சொன்ன ஐசிபி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி.

கனடாவின் ஸ்னோலாப்பில், 2 கி.மீ. ஆழத்தில் நிலத்தடி ஆய்வகத்தில் நடக்கும் கரும்பொருள் (டார்க் மேட்டர், கண்ணுக்குத் தெரியாத பொருள்) தேடல் அது. மிகைச்சூடேற்றிய (கொதிநிலை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும்) திரவத்தில் கரும்பொருள் மோதினால் குமிழி கிளம்பும். பிகோ-2எல் கருவியின் முதல் ஓட்டத்தில் குமிழிகள் வந்தன, ஆனால் நேரத்தில் சீராகப் பரவாமல் வந்தன. கரும்பொருள் அப்படி வராது. சந்தேகம் திரவத்தில் கிடந்த நுண்துகள்கள் மேல் விழுந்தது.

சரி, வடிகட்டித் துகளைப் பிடித்தாயிற்று. எதில் பார்ப்பது?

துகளில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐசிபி கருவி யுரேனியம்-238, தோரியம்-232 இரண்டையும் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலும் காட்டிவிடும். ஆனால் துகளை அமிலத்தில் கரைத்தாக வேண்டும். கரைத்தபின் எத்தனை துகள், எவ்வளவு பெரிது, எதிலிருந்து உதிர்ந்தது என்று யாரைக் கேட்பது? பொலோனியம்-210ம் இதில் சிக்காது. அதன் அரை ஆயுள் 138 நாள்தான், அணு எண்ணிக்கை அவ்வளவு குறைவு. அதற்கு, அது உமிழும் ஆல்ஃபா கதிரை எண்ணும் ஆல்ஃபா எண்ணிதான் சரி.

எலக்ட்ரான் நுண்ணோக்கியும் எக்ஸ்-கதிர் பகுப்பும் சேர்ந்தால் ஒவ்வொரு துகளுக்கும் ஊர் பேர் தெரியும். இரும்பு, குரோமியம், நிக்கல் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சிலிக்கானும் ஆக்சிஜனும் என்றால் குவார்ட்ஸாக இருக்கலாம். உலோக அரிப்பை ஆராயும் நம்ம காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) காரர்களுக்குப் பழகிய வேலை. சுவடளவு யுரேனியம் மட்டும் இதற்குத் தெரியாது.

காமா அளவி? கிலோக்கணக்கில் எஃகைச் சோதிக்க நல்லது. மைக்ரோகிராம் தூசிக்கு வேண்டாம்.

என் ஓட்டு நுண்ணோக்கிக்கே முதலில், ஐசிபி அப்புறம். கரைத்ததைத் திரும்பப் பார்க்க முடியாது என்பது ஒன்று. இன்னொன்று, பிகோ-2எல் இரண்டாம் ஓட்டத்தில் துகளைக் கட்டுப்படுத்தியதும் அந்த விசித்திரக் குமிழிகள் காணாமல் போயின. 129 கிலோ-நாள் (திரவத்தின் எடையை ஓடிய நாளால் பெருக்கியது) தரவில் ஒரே ஒரு நிகழ்வு, அதுவும் நியூட்ரான்களால் வரும் என்று எதிர்பார்த்த கணக்குக்குள் அடங்கியது. அங்கே துகள் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

திரவச் செனானில் கரும்பொருளைத் தேடும் எல்இசட் கருவி என்றால் மாற்றிச் சொல்வேன். அங்கே தூசியிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுதான் தொல்லை, ஆகவே எடைதான் முக்கியம். சதுர செ.மீ.க்கு 500 நானோகிராமுக்குள் தூசி இருக்க வேண்டும் என்று வரம்பே வைத்தார்கள்.

எதில் பார்த்தாலும் எதையும் வடிக்காத வெற்றுத் தாள் ஒன்றையும் கூடவே அனுப்ப வேண்டும். நம்மூர்ச் செம்மண் தூசியிலும் தோரியம் உண்டு. வளவு (வீட்டு முற்றம்) வழியாகப் பறந்து வந்து தாளில் உட்கார்ந்தால், கனடாக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும்.