கசிந்த மருத்துவ விவரங்களும் ஒரு மணி நேர ஆலோசனையும்: ஜார்ஜ்டவுன் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ்டவுனில் லைட் ஸ்திரீட் நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் என் தந்தையும் நானும் ஒரு மணி நேரச் சட்ட ஆலோசனை பெற்றோம். கட்டணம் 250 ரிங்கிட். எதிர்த்தரப்புடன் பேச்சு இன்னும் முடியாததால் அலுவலகத்தின் பெயரையும் எதிர்த்தரப்பின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆயினும், ஒரு நிறுவனத்திடம் நம்பிக் கொடுத்த விவரங்கள் கசிந்து பாதிக்கப்பட்டவர்கள் இப்படிப்பட்ட ஆலோசனைக்குப் பணம் செலவிடலாமா என்று தயங்குவதை நான் அறிவேன், நானும் தயங்கியவள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தந்தைக்கு வயது 71. ஆண்டுதோறும் ஒரு தனியார் உடற்பரிசோதனை நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவர் வழக்கம். ஒரு புதன்கிழமை காலை அவருடைய கைப்பேசிக்கு அழைத்த ஒருவர், அவருடைய அடையாள அட்டை எண்ணையும், வீட்டு முகவரியையும், கடைசியாக இரத்தம் கொடுத்த தேதியையும், அன்று பதிவான சர்க்கரை அளவையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அவர் பெயரில் பொய்யான காப்புறுதிக் கோரிக்கை ஒன்று பதிவாகியிருப்பதாகவும், விசாரணை முடியும்வரை சேமிப்பை வேறொரு கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றும் நம்பவைத்தார். தந்தை 3,800 ரிங்கிட்டை அனுப்பிவிட்டார். மாலையில் நான் வேலை முடிந்து பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குச் சொன்னார். உடனே 997 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழைத்தோம், வங்கிக்குத் தெரிவித்தோம், இரவே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அதற்குள் பணம் அந்தக் கணக்கைவிட்டு வெளியேறியிருந்தது. பதினொரு நாள் கழித்து, தங்கள் கணினி அமைப்பில் அந்நியர் நுழைந்துவிட்டதாகவும் வாடிக்கையாளர் விவரங்கள் வெளியேறியிருக்கலாம் என்றும் அந்த நிலையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது.

ஆலோசனைக்குப் போகும்போது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் முதலாம் பாரத்தை நான் ஏற்கெனவே நிரப்பி எடுத்துச் சென்றிருந்தேன். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட்வரை கோரலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதால் இருதரப்பும் சமமாக நிற்கும். இதைவிட எளிய வழி இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். வழக்கறிஞர் பாரத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு, 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ நிலையங்களும் மருத்துவத் துறையினரும் வழங்கும் சேவைகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது என்று சட்டப் பிரிவை எடுத்துக் காட்டினார். கசிவு ஓர் இணையக் கடையிலோ உடற்பயிற்சி நிலையத்திலோ நடந்திருந்தால், உரிய கவனத்துடன் சேவை வழங்கவில்லை என்று சொல்லி மூன்று ஆண்டுகளுக்குள் அந்த மன்றத்தை அணுகியிருக்கலாம். எங்கள் வழக்கோ அங்கே வாசலிலேயே தள்ளுபடி ஆகியிருக்கக்கூடும். பல மாதக் காத்திருப்பை மிச்சப்படுத்திய அந்த ஐந்து நிமிடத்துக்கே 250 ரிங்கிட் தகும் என்பது என் கருத்து.

அடுத்து நான் நம்பியிருந்தது 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் எல்லையை அவர் இனிப்புப் பூசாமல் விளக்கினார். தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் எழுத்து மூலம் யாரும் புகார் கொடுக்கலாம், ஆணையர் விசாரிக்கலாம், குற்றம் உறுதியானால் தண்டனை கடுமையானது. முன்பு 300,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம், 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை மூன்று ஆண்டுவரையாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அபராதத்தில் ஒரு காசுகூடப் பாதிக்கப்பட்டவருக்கு வராது. இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையை இந்தச் சட்டம் தனிநபருக்குத் தரவில்லை. கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டமே பொருந்தாது. எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் இந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது என்பதும், மன உளைச்சலும் இழப்பில் அடங்கும் என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. 2017-இல் நான்கரைக் கோடிக்கு மேற்பட்ட கைப்பேசி எண்கள் கசிந்ததைப் பார்த்த நாடு இது. அதற்குப் பிறகும், திருத்தச் சட்டம் 2024-இல் நிறைவேறியபோதும், பாதிக்கப்பட்டவரின் கைக்கு இழப்பீடு சேரும் வழி ஒன்றைச் சேர்க்காமல் விட்டது எனக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது.

இருந்தாலும் அந்தத் திருத்தத்தில் எங்களுக்குப் பயன்படும் ஒரு பகுதி இருந்தது. 2025 ஜூன் 1 முதல், கசிவு நேர்ந்தால் நிறுவனம் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்பது கட்டாயம். அதற்கு 72 மணி நேரம் என்றும், பெரும் தீங்கு நேரக்கூடும் என்றால் அதன்பின் ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றும் ஆணையரின் வழிகாட்டி கூறுகிறது. எங்களுக்கு வந்த மின்னஞ்சலில், கசிவை எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற தேதி இல்லை. வழக்கறிஞர் அந்த இடத்தில்தான் விரல் வைத்தார். "ஐயா, விவரம் வெளியே போனது அவர்களுடைய தவறு என்பதை நிரூபிப்பது ஒரு வேலை. அந்த விவரத்தால்தான் உங்கள் பணம் போனது என்பதை நிரூபிப்பது இன்னொரு வேலை. உங்களுக்கு அழைப்பு வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்து சொல்லாமல் இருந்தார்கள் என்றால், இரண்டாவது வேலை பாதி முடிந்த மாதிரி" என்றார்.

இதன் பிறகு அவர் காட்டிய வழி சிவில் வழக்கு. பணத்தை அனுப்பியது தந்தையே என்பதால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். கவனக்குறைவு, ஒப்பந்த மீறல் என்ற இரண்டு அடிப்படைகளிலும் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. தனியுரிமை மீறலைத் தனி உரிமைக்கேடாக, அதாவது அதற்காகவே இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கத்தக்க தவறாக, ஏற்பதில் மலேசிய நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை என்றாலும், ஒப்புதல் இல்லாமல் நோயாளியைப் புகைப்படம் எடுத்த ஒரு மருத்துவர் மீதான வழக்கில் 2010-இல் இதே பினாங்கு உயர் நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. எங்கள் இழப்பு 5,000 ரிங்கிட்டைத் தாண்டாததால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் 198-ஆம் பாரத்தை நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமல் தந்தையே வழக்குத் தொடுக்கலாம். முழு வழக்கை நடத்தித் தர அவர் முன்வந்திருந்தால் அவருக்கு வருமானம்; எங்களுக்கோ கோரும் தொகையைவிட அதிகச் செலவு. "இதற்கு என்னை வைத்துக்கொள்ள வேண்டாம்" என்று அவரே சொன்னார். அந்த நேர்மையை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

சட்டத்தைவிடவும் எனக்கு முக்கியமாகப்பட்டது அவர் தந்தையை நடத்திய விதம். பணத்தை இழந்த நாளிலிருந்து தந்தை யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. தங்கைக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அலுவலகத்திலும் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். வழக்கறிஞர் என்னிடம் கேட்காமல் அவரிடமே கேட்டார்: அழைத்தவர் முதலில் என்ன சொன்னார், எந்த மொழியில் பேசினார், சர்க்கரை அளவை எந்த இடத்தில் சொன்னார் என்று ஒவ்வொன்றாக. "டாக்டருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்ததை அவன் சொன்னான், அதனால்தான் நம்பினேன் அம்மா" என்று தந்தை சொன்னபோது, வழக்கறிஞர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, "இதுதான் உங்கள் வழக்கின் முதல் சாட்சி" என்றார். அதுவரை தன் முட்டாள்தனம் என்று அவர் மறைத்துவைத்திருந்தது சாட்சியமாக மாறிய அந்தக் கணத்தில் தந்தையின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

ஆதாரங்களைப் பற்றி அவர் சொன்னவற்றை அடுத்தவருக்கும் பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன். நிறுவனத்தின் மின்னஞ்சலை அழிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்; படம் பிடித்து வைப்பது மட்டும் போதாது. அழைப்புப் பதிவு, வங்கிப் பரிமாற்றச் சீட்டு, காவல்துறைப் புகாரின் நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். தன்னைப் பற்றி நிறுவனம் என்னென்ன விவரங்களை வைத்திருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். தந்தையின் பெயரில் வேறு கடன் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். நல்லவேளையாக எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. வங்கியின் மீதான முறையீட்டை அவர் தாமாக எடுக்கவில்லை. நான் கேட்ட பிறகே, முதலில் வங்கியிடம் புகார் செய்து, அதன் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம் என்று சொன்னார். கெடு உள்ள வழியை அவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நிலையத்துக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்துக்கு 600 ரிங்கிட் தனியாக ஆகும் என்பதும் ஆலோசனை முடிந்த பிறகே தெரிந்தது. எழுத்தில் தந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் தந்தைக்கு நான் வீட்டில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வாய்மொழியாக அத்தனை தெளிவாகத் தமிழ் பேசியவரிடம் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை எதிர்பார்ப்பது அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே சந்திக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

யாருக்கு இந்தச் சேவை தேவைப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். விவரம் கசிந்திருக்கிறது, ஆனால் பணமோ வேறு எதுவுமோ போகவில்லை என்றால், ஆணையருக்கு எழுதும் புகாரை அவரவரே எழுதிவிடலாம். அதற்கு 250 ரிங்கிட் செலவிட வேண்டியதில்லை. உண்மையான இழப்பு இருக்கிறவர்கள், அதிலும் மருத்துவம், காப்புறுதி, வங்கி என்று எந்த வாசலைத் தட்டுவது என்பதே குழப்பமாக உள்ளவர்கள், தயங்காமல் போகலாம்.

கோரிக்கைக் கடிதத்தை அனுப்பிப் பன்னிரண்டு நாளில் நிலையத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து பதில் வந்தது. பொறுப்பை ஏற்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் நாங்கள் கேட்ட தேதி அதில் இருந்தது: தந்தைக்கு அழைப்பு வந்த புதன்கிழமைக்கு ஆறு நாள் முன்பே ஊடுருவலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சமரசம் பேச மாத இறுதிவரை அவகாசம் கேட்டிருக்கிறார்கள். தந்தை 198-ஆம் பாரத்தைத் தம் கையெழுத்திலேயே நிரப்பிக் கோப்பின் மேலே வைத்திருக்கிறார். தங்கையிடமும் அவரே சொல்லிவிட்டார்.