நேட்டோவா, ஐரோப்பிய ஒன்றியமா: யாருடைய பாதுகாப்பு உறுதி பலமானது?

தாளில் மட்டும் பார்த்தால் பதில் வியப்பாக இருக்கும். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் 1949 ஒப்பந்தத்தில் 5ஆம் பிரிவு, தாக்கப்பட்ட நாட்டுக்கு மற்றவர்கள் 'தேவை என்று கருதும்' உதவியைச் செய்ய வேண்டும் என்கிறது. என்ன உதவி என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 42.7ஆம் பிரிவோ 'தங்களால் இயன்ற எல்லா வழிகளிலும்' உதவுவது கடமை என்கிறது. சொல்லில் இதுதான் கடுமை.

சரி, அப்படியானால் ஏன் பின்லாந்தும் சுவீடனும் ஒன்றியத்தில் இருந்துகொண்டே 2023இலும் 2024இலும் நேட்டோவில் சேர்ந்தன? சொல்லுக்குப் பின்னால் படை வேண்டுமே! நேட்டோவிடம் நிரந்தரக் கூட்டுத் தலைமையகம், பல ஆண்டுக் கூட்டுப் பயிற்சி, அமெரிக்க அணு ஆயுதம் எல்லாம் உண்டு. ஒன்றியத்திடம் அந்த அளவு கட்டமைப்பு இல்லை. ஒன்றியம் உருவாகும் முன்பே, ஐரோப்பாவுக்கு ஒரு பொது ராணுவம் அமைக்கும் ஒப்பந்தத்தில் 6 ஐரோப்பிய நாடுகள் 1952இல் கையெழுத்திட்டன. 1954இல் பிரான்ஸ் நாடாளுமன்றமே அதை முடக்கியது. யோசனையை முன்வைத்ததும் பிரான்ஸ்தான் என்பது வேடிக்கை.

5ஆம் பிரிவு ஒரே முறை, அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பயன்பட்டது. 42.7இன் கீழ் 2015 பாரிஸ் தாக்குதலுக்குப் பின் பிரான்ஸ் உதவி கேட்டது.

முடிவெடுப்பதில் இரண்டுக்கும் ஒரே தலைவலி: எல்லோரும் ஒப்ப வேண்டும். என் பார்வையில் ஒன்றியத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஆயுதக் கொள்முதலுக்குப் பொதுப் பணம் ஒதுக்குவது, தொழிற்சாலைகளுக்கு விதி வகுப்பது ஆகியவற்றில் நேட்டோவைவிட அதற்குத்தான் அதிகாரம் அதிகம்.