எந்த ஊருக்கு முதலில் சாலை: மக்கள்தொகையா, மதிப்பெண்ணா?

எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் சாலை போடப் பணம் கிடையாது. யாருக்கு முதலில் என்பதை எப்படி முடிவு செய்வது? இந்தியாவின் பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்திலேயே இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

2000-இல் தொடங்கியபோது விதி எளிமையானது. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் இருந்தால் அந்தக் குடியிருப்புக்கு மழையிலும் வண்டி போகும் ஒரு சாலை. இதில் எனக்குப் பிடித்ததே, யாரும் சரிபார்க்கலாம் என்பதுதான். சென்சஸ் கணக்கைக் காட்டி, "எங்க ஊரை விட்டுட்டு அந்த ஊருக்கு எப்படிப் போச்சு?" என்று கிராம சபையில் கேட்கலாம். 490 பேர் உள்ள ஊர் தவறிப்போகுமே என்றால், 500 மீட்டருக்குள், மலையில் 1.5 கி.மீ. நடைதூரத்துக்குள், இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணவும் இடம் கொடுத்திருந்தார்கள்.

2019-இல் வந்த மூன்றாம் கட்டம் வேறு. 1,25,000 கி.மீ. பழைய சாலைகளை மேம்படுத்துவது அதன் வேலை. சந்தை, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை என்று ஒரு சாலை எவற்றுக்கெல்லாம் உதவுகிறதோ அவற்றுக்கு மதிப்பெண் போட்டு, சாலையின் நீளத்தால் வகுப்பார்கள். போடுகிற பணத்துக்குப் பலன் அதிகம்தான். ஆனால் நீளத்தால் வகுப்பதாலேயே, ஒதுங்கிக் கிடக்கும் ஊரின் நீண்ட சாலை பட்டியலில் கீழே இறங்கிவிடும். ஊர்க்காரர் உட்கார்ந்து போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கும் இல்லை.

மக்கள்தொகை விதிப்படி போட்ட சாலைகளை ஆராய்ந்து, பொருளாதார ஆய்வாளர்கள் சாம் ஆஷரும் பால் நோவோசாட்டும் 2020-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. சாலை வந்தபின் விவசாயத்தை விட்டு வெளிவேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள். விளைச்சலிலோ வருமானத்திலோ பெரிய மாற்றமில்லை. இதை வைத்துச் சின்ன ஊர்களுக்குச் சாலை வீண் என்று வாதிடுவதை நான் ஏற்கமாட்டேன். பிரசவ வலியில் இருப்பவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வருவது நின்றுபோவது வருமானக் கணக்கில் வராது.

அதனால் என் தேர்வு இதுதான்: சாலையே இல்லாத ஊர் இருக்கும்வரை மக்கள்தொகை விதி, அப்புறம் மேம்பாட்டுக்கு மதிப்பெண். 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டமும் 25,000 குடியிருப்புகளுக்காக மக்கள்தொகைக்கே திரும்பியிருக்கிறது. ஒரே குறை, அது 2011 சென்சஸை வைத்து எண்ணுகிறது. அன்று 480 பேர் இருந்த ஊரில் இன்று 600 பேர் இருக்கலாம். வாக்காளர் பட்டியலையும் ரேஷன் அட்டைகளையும் ஒப்பிட்டு, விளிம்பில் நிற்கும் ஊர்களை மட்டுமாவது மறுபடி எண்ண வேண்டும்.