கம்பியா, கேமராவா? ஸ்வோரிகினும் டிக்மன்ஸும்

ஓட்டுநர் கை படாமல் காரைத் தடத்தில் ஓட வைக்க, சாலைக்குள் வழிகாட்டியைப் புதைக்கலாம்; அல்லது காருக்கே பார்வை கொடுக்கலாம். 1950களில் அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற மின்னணு நிறுவனத்தின் ஆய்வகத்தில் விளாடிமிர் ஸ்வோரிகின் முதல் வழியில் போனார். 1980களில் ஜெர்மனியில் பொறியாளர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் இரண்டாவது வழியில் போனார். தொலைக்காட்சிக் கேமராக் குழாயை உருவாக்கியவரே ஸ்வோரிகின்தான். அவரே காருக்கு வரும்போது கேமராவை விட்டுக் கம்பியைப் பிடித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் படத்தைப் புரிந்துகொள்ளும் கணினியைக் காரில் ஏற்ற முடியாத காலம் அது. அன்றைக்கு அவர் எடுத்த முடிவு சரியே.

கம்பி வேலை செய்யும் விதம் எளிமையானது. தடத்தின் நடுவே புதைத்த கம்பியில் மாறுதிசை மின்சாரம் ஓடும். காரின் முன்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சுருள்கள் அதன் காந்தப்புலத்தை உணரும். இரண்டிலும் சமமாக வந்தால் கார் நடுவில் இருக்கிறது. ஒன்றில் கூடினால் அந்தப் பக்கம் ஸ்டீயரிங் திரும்ப வேண்டும். முன்னால் போகும் வண்டியைக் கண்டுபிடிக்கச் சாலைக்கடியில் தனிக் கம்பிச் சுற்றுகள். நெப்ராஸ்காவில் லிங்கன் நகருக்கு அருகே, சுமார் 400 அடி நீளப் பொதுச்சாலையில் இதைச் செய்து காட்டினார்கள். பனிமூட்டமோ கும்மிருட்டோ கம்பிக்கு ஒரு பொருட்டே இல்லை.

சரி, பிறகு ஏன் பரவவில்லை? கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு கிலோமீட்டரையும் தோண்ட வேண்டும். கம்பி ஓரிடத்தில் அறுந்தால் அந்தத் தடத்தில் வரும் எல்லா வண்டிக்கும் வழி போய்விடும். குறுக்கே ஓடும் குழந்தையைக் கம்பியும் காட்டாது, சுற்றும் காட்டாது. எனக்கு இதுதான் பெரிய குறை.

டிக்மன்ஸிடம் இருந்த கணினிகளும் இன்றைய கணினிகளோடு ஒப்பிட்டால் மிக மெதுவானவை. கேமரா தரும் முழுப் படத்தையும் அலச நேரமில்லை. அதனால் வண்டியின் வேகத்தையும் சாலையின் வளைவையும் வைத்து, அடுத்த நொடித்துளியில் சாலையின் தடக்கோடு எங்கே தெரியும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தச் சின்னப் பகுதியை மட்டும் பார்க்க வைத்தார். குறைவாகப் பார்த்துச் சரியாக ஓட்டுவது! நான் மிகவும் மதிப்பது இந்த யோசனையைத்தான். அவரது மெர்சிடிஸ் வேன் 1987-இல் போக்குவரத்து இல்லாத நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கி.மீ. வேகத்தை எட்டியது. 1995-இல் அடுத்த கார் ம்யூனிக்கிலிருந்து டென்மார்க் வரை போனது, 1,600 கி.மீ.க்கும் மேலான தூரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் தானே ஓடியது. அதற்காக வழியில் எந்தச் சாலையையும் யாரும் தோண்டவில்லை.

கேமராவுக்கும் தொல்லைகள் உண்டு: எதிர்வெயில், மழையில் பளபளக்கும் தார், தேய்ந்துபோன கோடுகள். இருந்தாலும் மனிதர்களும் வண்டிகளும் கலந்து போகும் சாலைக்கு நான் டிக்மன்ஸ் பக்கம்தான். தினமும் ஒரே பாதையில் சரக்கு இழுக்கும் தொழிற்சாலை வண்டிக்கு என்றால் கம்பியையே கேட்பேன். அங்கே தோண்ட வேண்டியது ஒரே ஒரு தளம், அதுவும் ஒரே ஒரு முறை.