அவுரி நீலத்துக்கு மேல் சிவப்பா, வெள்ளையா?

சீனாவின் குய்சோ மாகாணத்து மியாவ் இனப் பெண்களின் பல உடைகளுக்கு அடித்தளம் அவுரி நீலம்தான். அதன்மேல் என்ன நிறம் ஏறுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஷிடோங்கில் சிவப்பு. பலமுறை சாயத்தில் முக்கி, மரச்சுத்தியால் அடித்துப் பளபளப்பாக்கிய கருநீலத் துணி. தோளிலும் கையிலும், பட்டு நூலை மயிரிழையாகப் பிரித்துத் தைத்த பட்டைகள். கிட்டப் போனால் சிவப்புக்கு நடுவே பச்சையும் நீலமும் எட்டிப் பார்க்கும். சிவப்பு அப்படி எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தான்ஜாயில் வெள்ளை; அது வேறு கதை. செப்புக் கத்தியில் உருகிய மெழுகைத் தொட்டுச் சுழிகள் வரைந்து, சாயமேற்றி, மெழுகை வெந்நீரில் நீக்குகிறார்கள். அந்த வெள்ளை, மேலே பூசியதல்ல. சாயம் தொடாமல் விட்ட துணி.

திருவிழாவுக்கு ஷிடோங் சிவப்பு, சரி. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு தான்ஜாய்தான்.