முசுறு எறும்புக்கு எந்த லென்ஸ்?

கேனான் 18-135 ஜூமில் மாமரத்து முசுறை எடுத்தால் இலை அழகாக வரும், எறும்பு சிவப்புக் கீற்றாகத்தான் தெரியும். அதன் அதிகபட்ச உருப்பெருக்கம் 0.28 மடங்கு, அதாவது படம் பதியும் சென்சாரில் பொருளின் அசல் அளவில் 0.28 பங்குதான் விழும். என் ஏபிஎஸ்-சி (சற்றே சிறிய சென்சார் கொண்ட) கேமராவில் எவ்வளவு நெருங்கினாலும் சுமார் 8 செ.மீ. அகலம் ஃப்ரேமுக்குள் வந்துவிடும். முசுறோ ஒரு செ.மீ. இருந்தாலே பெரிது.

அதே கேமராவில் கேனான் 100 மி.மீ. எஃப்/2.8 எல் மேக்ரோவை (சிறு பொருள்களை நெருங்கி எடுக்கும் லென்ஸ்) மாட்டினால் 1:1, அதாவது பொருள் அசல் அளவிலேயே சென்சாரில் பதியும். வெறும் 22 மி.மீ. அகலம் ஃப்ரேமை நிறைக்கும். தாவும் சிலந்தியின் முன்கண்ணில் வானம் பிரதிபலிப்பதுகூடத் தெரிகிறது! ஆனால் லென்ஸின் துளையை எஃப்/11 வரை சுருக்கி வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மி.மீ.தான் தேறும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்து உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுக்கிறேன். காற்றடித்தால் கடையைக் கட்டிவிடுவேன்.

இந்த மேக்ரோ ஃபோகஸ் செய்யும் குறைந்தபட்சத் தூரம் 30 செ.மீ. என்பது சென்சாரிலிருந்து கணக்கு. லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது, நம் நிழலே அதன்மேல் விழும். தட்டான் அதற்கெல்லாம் காத்திருக்காது. தட்டானுக்கும் பட்டாம்பூச்சிக்கும் 70-300 ஜூம்தான் சரி.

சிலந்தி, எறும்பு, பூவின் மகரந்தம் என்று பித்துப் பிடித்திருந்தால் யோசிக்காமல் மேக்ரோ வாங்குங்கள். வீட்டு விசேஷங்களில் முகப்படம் எடுக்கவும் அது அருமை. ஆசை நிலைக்குமா என்று சந்தேகமா? இருக்கிற லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டிப் பாருங்கள், இன்னும் நெருங்கி எடுக்கலாம். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய், செலவும் குறைவு.