வெளுத்ததெல்லாம் ஃபோல்சோமியா அல்ல

கண்ணாடித் தொட்டியில் பாசி வளர்க்கும் ஆசையில் போன மழைக்காலத்தில் ஒரு டப்பா ஸ்பிரிங்டெயில் வாங்கினேன், ஈர மண்ணில் வாழும் பொடிப்பூச்சிகள். கரித்துண்டுகளுக்கு நடுவே நொய்யரிசி அளவில் வெள்ளை வெள்ளையாய் ஊர்ந்தன. மூடியில் 'ஃபோல்சோமியா கேண்டிடா' என்று ஒட்டியிருந்தார்கள். மண்ணின் நச்சுத்தன்மையைச் சோதிக்க உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கும் இனம் அது, பேர் பெற்றது. ஆனால் மூடியைத் திறந்து லேசாக ஊதியதும் அவை ஓடிய ஓட்டம் வேறு மாதிரி இருந்தது. செல்போனில் மேக்ரோ லென்ஸை மாட்டிப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் பிடரிமயிர் போல நீண்ட முடிகள். ஃபோல்சோமியாவுக்கு ஏது பிடரிமயிர்?

அன்று ஆரம்பித்தது இந்த ஒப்பீடு. டப்பாவில் இருப்பது யார் என்று கண்டுபிடிக்கப் போய், மாடித்தோட்டத்தில் என்னென்ன இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

ஸ்பிரிங்டெயிலுக்குத் தமிழில் ஊன்றிய பெயர் இல்லை. எங்கள் வீட்டில் 'துள்ளுப்பூச்சி'. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் மேலே பொடி தூவியதுபோல் மிதக்குமே, அதுதான். உடம்பில் தண்ணீர் ஒட்டாது, அதனால் முழுகாது.

முதலில் ஆள் அவர்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எட்டுக் கால் இருந்தால் மண்ணில் வாழும் சிலந்திப்பேன் வகை. மரவட்டைக் குட்டிபோல் பன்னிரண்டு ஜோடிக் கால்களுடன் வெள்ளையாய் நெளிந்தால் அது சிம்ஃபைலா. பின்னால் இரண்டு வால் நீட்டிக்கொண்டிருந்தால் டிப்ளூரா. ஸ்பிரிங்டெயிலுக்கு ஆறு கால், வயிற்றில் ஆறே கண்டங்கள், அதாவது வளையத் துண்டுகள். 'துள்ளினால் ஸ்பிரிங்டெயில்' என்று நம்புகிறவர்கள் அதிகம். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். துள்ளுவதற்காக வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை பல இனங்களில் சுருங்கிப் போயிருக்கிறது, சிலவற்றில் அடியோடு இல்லை. முதல் வயிற்றுக் கண்டத்தின் அடியில் முளைபோல் நிற்கும் குழல்தான் கைவிடாத அடையாளம். அதைப் பார்த்துத்தான் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் லப்பக் 19-ஆம் நூற்றாண்டில் பசை, முளை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'கொலெம்போலா' என்று பெயர் வைத்தார். ஸ்பிரிங் இல்லாத ஸ்பிரிங்டெயில் உண்டு, அந்தக் குழல் இல்லாதது கிடையாது.

அடுத்து உடல்வாகு. ஸ்பிரிங்டெயில்களின் நாலு வரிசைகளை அதுதான் பிரித்துக் கொடுக்கும். உருண்டையா, நீளமா? உருண்டையாக இருந்து உணர்கொம்பு தலையைவிட நீளமாக இருந்தால் சிம்ஃபிப்ளியோனா. உருண்டையாக, கண்ணே இல்லாமல், உணர்கொம்பு தலையைவிடக் குட்டையாக இருந்தால் நீலிப்ளியோனா. அரை மில்லிமீட்டர் வந்தாலே பெரிது, தேடிப் போனால் தவிர கண்ணில் படாது. நீள உடம்பாக இருந்தால் முன்மார்பைப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது தலைக்குப் பின்னால் முடிகளோடு தனிக் கண்டமாகத் தெரிந்தால் பொடூரோமார்ஃபா. இவை குட்டைக் கால், குட்டை உணர்கொம்பு, புல்டோசர் நடை. முன்மார்பு சுருங்கி மறைந்து, தலையை ஒட்டி நேராக இரண்டாவது மார்புக் கண்டமே வந்தால் என்டமோப்ரியோமார்ஃபா. இதுவரை பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும், பூச்சி சும்மா இருந்தால். இருக்காது. பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், கொஞ்ச நேரம் சொன்னபடி கேட்கும்.

வெள்ளையாக நாலு பேர்

இனி டப்பாவுக்கு வருவோம். நம் ஊர்த் தொட்டி மண்ணிலும் மண்புழு உரத்திலும் வெள்ளையாகத் திரிவதில் நாலு பேர் மீது சந்தேகப்படலாம்: ஃபோல்சோமியா, கோகோப்ரியா, சைஃபோடெரஸ், அப்புறம் டல்பெர்ஜிடே குடும்பத்தின் பொடிசுகள். நாலும் வெள்ளை. கோகோப்ரியாவில் பெரும்பாலானவைக்கும் ஃபோல்சோமியாவில் பல இனங்களுக்கும் கண் இல்லை, மற்ற இரண்டுக்கும் அறவே இல்லை. இருட்டில் வாழ்கிறவைக்கு நிறமும் கண்ணும் தேவைப்படவில்லை, வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாக அவற்றைக் கழற்றிப் போட்டிருக்கின்றன. அதனால்தான் 'வெள்ளை, கண் இல்லை' என்ற இரண்டு குறிப்புகளை வைத்து ஒருவரைப் பிடிக்கவே முடியாது.

டல்பெர்ஜிடேயைக் கழிப்பது சுலபம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நூல்துண்டு மாதிரி இருக்கும், மெதுவாக நகரும், கவட்டை இல்லாததால் எவ்வளவு சீண்டினாலும் துள்ளாது. பெரிதாக்கினால் தோலில் வட்ட வட்டமாகப் 'பொய்க்கண்கள்' தெரியும். பார்ப்பதற்கான கண்கள் அல்ல. இவற்றின் பங்காளிகளான ஆனிகியூரிடேயில், சீண்டினால் அவற்றின் வழியே எதிரியை விரட்டும் திரவம் கசியும்.

சைஃபோடெரஸ் பெரும்பாலும் எறும்பு, கரையான் புற்றுகளில் ஒண்டிக் குடியிருப்பது. தொட்டியில் எறும்பு கூடு கட்டியிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அதன் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை இல்லை; முத்துபோல் பளபளக்கும், காரணம் உடம்பு முழுக்கச் செதில். கவட்டையின் நடுப்பகுதியான டென்ஸின் மேல் இறகுபோல் ஓரம் கிழிந்த பெரிய செதில்கள் இரண்டு வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறெதற்கும் குழம்ப வேண்டாம்.

மிச்சம் ஃபோல்சோமியாவும் கோகோப்ரியாவும். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

புத்தக விதி எளிது. ஐசோடோமிடே குடும்பத்தில் மூன்றாவது, நான்காவது வயிற்றுக் கண்டங்கள் ஏறத்தாழ ஒரே நீளம். என்டமோப்ரிடேயில் நான்காவது, மூன்றாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஃபோல்சோமியா முதல் குடும்பம், கோகோப்ரியா இரண்டாவது. அளந்தால் முடிந்தது என்று நினைத்தேன். டப்பாப் பூச்சியில் மூன்றாவதற்குப் பின் நீளமான ஒரு துண்டு தெரிந்தது, 'அப்படியானால் என்டமோப்ரிடே' என்று எழுதிவைத்தேன். முடிவு சரி, ஆனால் போன வழி தப்பு. ஏனென்றால் ஃபோல்சோமியா இந்த விதிக்கு ஒரு குறும்பு வைத்திருக்கிறது: அதன் நான்கு, ஐந்து, ஆறாம் கண்டங்கள் மூன்றும் ஒட்டி ஒரே துண்டாகிவிட்டன. மேலிருந்து பார்த்தால் அதுவும் 'நீளமான நான்காவது' போலவே தெரியும்! எனவே பார்க்க வேண்டியது நீளத்தை மட்டும் அல்ல, அந்த நீளத் துண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை. அதற்கப்புறம் ஒன்றுமில்லாமல் உருண்டையாக முடிந்தால் ஃபோல்சோமியா. சின்னதாய் இரண்டு கண்டங்கள் வால்போல் தொடர்ந்தால் கோகோப்ரியா பக்கம். என் பூச்சியில் இரண்டு இருந்தன.

மற்ற சாட்சிகளும் அந்தப் பக்கமே பேசின. ஃபோல்சோமியாவின் முடி குட்டை, வழுவழு. உணர்கொம்பு சுமார் தலை நீளம்தான். கோகோப்ரியாவுக்கு உணர்கொம்பு தலையைவிட நன்றாகவே நீளம், முடிகளும் நீளம், பெரிதாக்கினால் ஒவ்வொரு முடியும் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி கிளைவிட்டிருக்கும். கவட்டையின் கடைசி நுனி மியூக்ரோ. ஃபோல்சோமியா கேண்டிடாவுக்கு அதில் இரண்டு பல். கோகோப்ரியாவுக்கு ஒரே பல், அரிவாள்போல் வளைந்து, அடியில் ஒரு முள்ளுடன். இங்கே இன்னொரு நெருங்கிய சொந்தக்காரன் குறுக்கே வருவான்: சினெல்லா. அவனும் வெளிறியவன், நீள முடிக்காரன், ஆனால் மியூக்ரோவில் இரண்டு பல். சினெல்லா கர்விசெட்டாவுக்குத் தலையில் பக்கத்துக்கு இரண்டு குட்டிக் கண்களும் உண்டு. இந்த மியூக்ரோ சமாச்சாரத்தைச் செல்போனில் பார்க்க ஆசைப்படாதீர்கள், 400 மடங்கு வேண்டும்.

சரி, உண்மையிலேயே ஃபோல்சோமியா கிடைத்தால்? அப்போதும் 'கேண்டிடா' என்று எழுத அவசரம் வேண்டாம். ஃபிமெடேரியா என்ற இன்னொன்றும் வெள்ளை, கண் இல்லாதது. வடிவத்தில் பிரிக்க, கவட்டையின் அடித்தண்டில் முன்பக்க முடிகளை எண்ண வேண்டும். வளர்க்கிறவர்களுக்கு வேறொரு வழி உண்டு: கேண்டிடா ஆண் துணையில்லாமல் பெருகும், ஃபிமெடேரியாவுக்கு ஆணும் பெண்ணும் வேண்டும். ஒரே ஒரு முட்டையிலிருந்து வந்த குஞ்சைத் தனியே வளர்த்துப் பாருங்கள். அது இட்ட முட்டைகளும் பொரித்துக் கூட்டமானால் கேண்டிடா பக்கம் தராசு சாய்கிறது. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

இன்னொரு பொறி: நிறமுள்ள இனங்களின் குஞ்சுகளும் வெளிறித்தான் இருக்கும். இவை பெரிதான பிறகும் வாழ்நாள் முழுக்கத் தோலுரிப்பவை. நிறமும் முடிவரிசையும் வயதோடு சேர்ந்துகொண்டே போகும். டப்பாவில் இருப்பதிலேயே பெரியதை எடுத்துப் பாருங்கள்.

நிறமுள்ளவை

இவற்றில் நிறம் ஓரளவு உதவும், ஆனால் கடைசிச் சாட்சியாக மட்டும். ஆல்கஹாலில் போட்டு வைத்தால் செதில் உதிர்ந்துவிடும், சில நிறங்கள் கரைந்தும் போகும். அதனால் உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

செதில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. டார்ச் அடித்தால் ஊதாவும் வெள்ளியுமாக மின்னி, இரண்டாம் மார்புக் கண்டம் முக்காடுபோல் தலைமேல் நீட்டிக்கொண்டிருந்தால் லெபிடோசைர்டஸ். ஈரமான சருகுக்கடியில் இருக்கும். செதிலும் உண்டு, பிடரியில் அடர்ந்த முரட்டு முடியும் உண்டு, வீட்டுச் சுவரிலும் காய்ந்த இடத்திலும் திரிகிறது என்றால் செய்ராவாக இருக்கலாம். மியூக்ரோ இரண்டையும் பிரித்துக் கொடுக்கும்: லெபிடோசைர்டஸுக்கு இரண்டு பல்லும் அடிமுள்ளும், செய்ராவுக்கு முள் இல்லாத ஒற்றை அரிவாள். செதிலே இல்லாமல் பட்டை பட்டையாகக் கோலம் போட்டிருந்தால் என்டமோப்ரியா. அந்தக் கோலம் ஒரே இனத்துக்குள்ளும் மாறும், அதை நம்பி இனப்பெயர் எழுதுவது கைரேகை பார்ப்பது மாதிரி. உடம்பைவிட நீண்ட உணர்கொம்போடு இலைமேல் ஒயிலாக நடப்பது சலினா. செதில் இல்லை, டென்ஸ் வழுவழுப்பாக இருக்கும்.

காளான் வளர்க்கிறவர்களுக்கு ஒன்று. படுக்கையில் கருநீலப் பொடிபோல் கூட்டமாக மொய்ப்பது பெரும்பாலும் செரடோஃபைசெல்லா, பொடூரோமார்ஃபாவில் சேர்ந்தது. பின்முனையில் இரண்டு முட்கள் இருக்கும். அதே வரிசையில் நியானுரிடே குடும்பம் பார்க்கக் குண்டாக, மொழுமொழுவென்று இருக்கும். அரைக்கும் தாடை கிடையாது.

எதில் பார்ப்பது

செல்போன் மேக்ரோ லென்ஸ் குடும்பம் வரை கொண்டுபோகும், அதிர்ஷ்டம் இருந்தால் பேரினம் வரை. 40 மடங்கு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் கண்ட நீளம், செதில், முன்மார்பு எல்லாவற்றையும் சந்தேகமில்லாமல் காட்டும். பணம் போடுவதானால் இதில் போடுவேன். கால் நகத்தின் பல், மியூக்ரோ, முடிவரிசை வேண்டுமென்றால் பூச்சியைச் சூடான லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்து, சிலைடில் ஏற்றி, 400 மடங்கில் பார்க்க வேண்டும். கவர்ஸ்லிப்பை மெல்ல ஒரு பக்கம் தள்ளினால் பூச்சி புரண்டு கவட்டை பக்கவாட்டில் திரும்பும். கை பழக நாலைந்து பூச்சிகள் வீணாகும்.

டிஎன்ஏ பார்கோடு சிலருக்குக் கடைசித் தீர்ப்பு மாதிரி. சுமார் 658 எழுத்துள்ள ஒரு மரபணுத் துண்டை ஒப்பிடுகிறார்கள். உருவத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டைப் பிரிக்க அது கூர்மையான கருவி. ஆனால் யாராவது ஏற்கெனவே சரியாக அடையாளம் கண்டு சேமித்து வைத்த வரிசை இருந்தால்தான் பெயர் வரும். அந்த அடையாளம் கண்டவரும் மியூக்ரோவைப் பார்த்துத்தான் கண்டிருப்பார்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் ஆப் ஒன்றில் என் பூச்சியை ஏற்றினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் 'ஃபோல்சோமியா கேண்டிடா' என்றது. டப்பாக்காரரும் அதில்தான் பார்த்தாரோ என்னவோ.

வழிகாட்டி நூல்களில் பிரிட்டிஷ் தீவுகளுக்கான திறவுகோல்கள், அதாவது கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பூச்சியின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்கள், படங்களோடு அழகாக இருக்கும், சுலபமாகவும் கிடைக்கும். பேரினம் வரை நான் அவற்றையே பயன்படுத்துகிறேன். அதற்கப்பால் போனால் ஆபத்து: அங்கே இல்லாத ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனாலும் கடைசியில் ஏதோ ஒரு ஆங்கில ஊர்ப் பூச்சியின் பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நம் பக்கத்துக்கு, அலகாபாத்தில் பேராசிரியராக இருந்த ஐம்ஸ் 1912-இல் இந்தியா, பர்மா, இலங்கை இனங்களைப் பற்றி எழுதிய கட்டுரையும், தென்னிந்திய மண், சருகு இனங்களைப் பற்றி 1971-இல் பிரபு வெளியிட்டதும் தேடிப் படிக்கத் தக்கவை. பழையவை, சலிப்பானவை, ஆனால் நம் மண்ணிலிருந்து எடுத்த பூச்சிகளைப் பார்த்து எழுதியவை.

டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினேன். மூன்று பூச்சிகளைச் சிலைடில் ஏற்றியதில் இரண்டில் மியூக்ரோ தெளிவாகத் தெரிந்தது: ஒற்றை அரிவாள், அடியில் முள். செடிக்கூடங்களில் உலகெங்கும் பரவிய கோகோப்ரியா டெனெப்ரிகோசாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நகத்துப் பற்களையும் முதுகு முடிகளையும் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. லேபிளில் 'கோகோப்ரியா' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.